அட்டாலியில கிடந்த டிவி கேமுக்கு ஜப்பான் விலை எதுக்குங்க?

"ஒரிஜினல் நின்டெண்டோ, 90களின் வின்டேஜ், ரேர் பீஸ், குறைச்சுக் கேக்கறவங்க கூப்பிட வேண்டாம்." கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்து விற்பனைக் குழுக்கள்ல இப்படி ஒரு பதிவு கண்ணுல படாத மாசமில்லை. போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க. பொட்டி மேல மீடியான்னோ லிட்டில் மாஸ்டர்னோ எழுதியிருக்கும், இல்லைன்னா பேரே இருக்காது. அது நின்டெண்டோ இல்லைங்க. 1983 ஜூலையில நின்டெண்டோ கம்பெனி ஜப்பான்ல விட்ட ஃபேமிகாம்ங்கற டிவி கேம் பொட்டியோட நகல் அது.

அதுக்காக அதை மட்டமாச் சொல்ல வரலை. நம்ம ஊர்ல சேர்த்து வைக்கத் தகுந்தது அந்த நகல்தான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். நகல்னு தெரிஞ்சு, நகலுக்கு உண்டான விலைக்கு வாங்கோணும், அவ்வளவுதான். 1995ல ஷா வாலஸ் கம்பெனி சேகா மெகா டிரைவ்ங்கற ஒரிஜினல் கேம் பொட்டியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தப்ப விலை 18,000 ரூபாய். அன்னைக்கு அந்தக் காசுக்கு நாலு பவுனுக்கு மேல வாங்கியிருக்கலாம். எந்த வீட்டுல வாங்கிக் குடுப்பாங்க? அதனாலதான் கொங்கு நாட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்தது நகல் பொட்டி. மாரியோவும் கான்ட்ராவும் நமக்கு அறிமுகமானது அதுலதான்.

நகல்லயும் ரெண்டு தலைமுறை இருக்கு. அடியில இருக்கிற ஸ்குரூவைக் கழட்டிப் போர்டைப் பார்த்தா உடனே தெரிஞ்சுரும். பழைய போர்டுல 40 கால் வச்ச பெரிய சிப் ரெண்டு தனித்தனியா இருக்கும். ஒண்ணு கணக்குப் போடறது, இன்னொண்ணு படம் வரையறது. யுஎம்சிங்கற தைவான் சிப் கம்பெனி தயாரிப்புன்னா 6527, 6538ங்கற நம்பர்கள் மேல இருக்கும். பிந்தின போர்டுல எல்லாத்தையும் ஒரே சிப்புக்குள்ள அடைச்சு, மேல கருப்புப் பிசின் சொட்டு விட்டிருப்பாங்க. பிசின் சொட்டு போச்சுன்னா போனதுதான், மாத்த வழியில்லை. ரெண்டு சிப் போர்டுல ஒரு சிப் போனாலும் வேற செத்த பொட்டியில இருந்து எடுத்துப் போடலாம். எனக்கு மதிப்புன்னா அந்த ரெண்டு சிப் போர்டுக்குத்தான்.

விலையா? ஓடற பொட்டி, ரெண்டு ரிமோட், அடாப்டர், ஒரு கேசட், எல்லாம் ஒட்டுக்காச் சேர்த்து 1,500 ரூபாய்க்கு மேல நான் சொல்ல மாட்டேன். அட்டைப் பொட்டியும் தெர்மாகோலும் டிவியைப் பார்த்துச் சுடற கன்னும் கெடாம இருந்தா இன்னொரு ஆயிரம். ஓடலைன்னு சொல்றதை எடைக்குப் போடற விலைக்குக் கேளுங்க, ஏன்னா ஓடாததுல பாதி அடாப்டர் கோளாறுதான்.

அந்த அடாப்டர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விலாவாரியாச் சொல்லோணும். பொட்டிகள் சாகறதுக்கு அதுதான் முதல் காரணம். நகல் பொட்டி பெரும்பாலும் 9 வோல்ட் டிசி கேக்கும். உள்ள 7805ங்கற மூணு கால் ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாக் குறைக்கும். மிச்சம் 4 வோல்ட்டும் சூடாத்தான் வெளிய போகோணும். பொட்டி 300 மில்லி ஆம்பியர் இழுத்தா அது 1.2 வாட் சூடு. வீட்டுல சும்மா கிடக்கிற செட்டாப் பாக்ஸ் அடாப்டரைச் சொருகறாங்க பாருங்க, அது பெரும்பாலும் 12 வோல்ட். சூடு 2.1 வாட்டுக்கு ஏறும். ஹீட் சிங்க்கா ஒரு சின்னத் தகரத் துண்டுதான் வச்சிருப்பாங்க, அது தாங்காது. கால் மணி நேரத்துல படம் நடுங்கி ஆட்டம் நின்னுரும்.

அதைவிட ஆபத்து பின்னோட முனை மாறிப் போறது. ஃபேமிகாம் வழி வந்த பொட்டிகள்ல நடு முனை மைனஸ். இன்னைக்குக் கடையில கிடைக்கிற அடாப்டர் முக்கால்வாசி நடு முனை பிளஸ். மாத்திச் சொருகினா ரெகுலேட்டரும் பக்கத்துல இருக்கிற கெப்பாசிட்டரும் போகும், ராசி சரியில்லைன்னா சிப்பும் போகும். நகல்லயே சில பொட்டி நடு பிளஸ்ஸாவும் வந்திருக்கு. அதனால பொட்டி அடியில அச்சடிச்ச படத்தைப் பாருங்க. படம் அழிஞ்சிருந்தா திறந்து, சாக்கெட்டோட எந்தக் கால் 7805ஓட நடுக் காலுக்குப் போகுதுன்னு மல்டிமீட்டர்ல பீப் வச்சுப் பாருங்க. நடுக் கால்தான் கிரவுண்டு. சரியான அடாப்டர் சொருகினப்புறம் மூணாவது கால்ல 4.8ல இருந்து 5.2 வோல்ட்டுக்குள்ள வரோணும். இன்னொண்ணு, கனமான பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர்ல 9 வோல்ட்னு போட்டிருந்தாலும் சும்மா அளந்தா 12, 13 காட்டும். பொட்டியைச் சொருகினா இறங்கிரும், பயப்பட வேண்டாம்.

அடுத்தது கேசட். "99999 இன் 1"ல உருப்படியான ஆட்டம் கைவிரல்ல எண்ணிரலாம். மெனுவுல மீதி வரிகள் எல்லாம் அதே ஆட்டத்தை வேற லெவல்ல தொடங்கறதுதான். எண்ணிக்கைக்குக் காசு குடுக்காதீங்க. நாலு இன் 1, ஒத்தை ஆட்டக் கேசட் இதுக்குத்தான் சேகரிக்கறவங்க கிட்ட மரியாதை.

கேசட் வரலைன்னா ஊதறது நம்ம தேசியப் பழக்கம். எச்சில் ஈரம் செம்புப் பட்டையில பச்சை பிடிக்க வைக்கும். ஊதினா வேலை செய்யற மாதிரி தெரியறதுக்குக் காரணம் கழட்டித் திரும்பச் சொருகறதுதான். மொபைல் சர்வீஸ் கடையில ஐபிஏன்னு கேட்டா 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் குடுப்பாங்க. காது குடையற பஞ்சுக் குச்சியில தொட்டு, பட்டையோட நீள வாக்குல தேயுங்க. குச்சி வெள்ளையா வர்ற வரைக்கும் மாத்தி மாத்தித் தேய்க்கோணும். ரொம்ப மோசம்னா வெள்ளை ரப்பரால மெதுவா ஒரு தடவை. உப்புத்தாள் கூடவே கூடாது, மேல்பூச்சு போயிட்டா அப்புறம் வாரத்துக்கு ஒருக்கா கருக்கும்.

எங்க கோளாறுன்னு திரையே சொல்லும். ஃபேமிகாம் கேசட்டோட 60 பின்ல ஆட்டத்தோட கணக்குக்கு ஒரு கூட்டம், படத்துக்கு வேற கூட்டம். பாட்டு ஒழுங்காக் கேக்குது, மாரியோ மட்டும் கட்டம் கட்டமாச் சிதறித் தெரியறான்னா படப் பக்கத்துப் பின்ல அழுக்கு. பாட்டும் இல்லை, திரை முழுக்க ஒரே கலர்னா கணக்குப் பக்கம். ரெண்டு மூணு கேசட் மாத்தியும் அதே மாதிரி வந்தா கேசட்டை விட்டுட்டுப் பொட்டியோட சாக்கெட்டைப் பாருங்க. தளர்ந்த பின்னை ஊசி முனையால ஒரு நூல் அளவு தூக்கி விட்டா பிடிச்சுக்கும். மின்சாரத்தைக் கழட்டிட்டுத்தாங்க!

ரிமோட்ல அஞ்சு ஒயர்தான்: 5 வோல்ட், கிரவுண்டு, கிளாக், லாட்ச், டேட்டா. இழுத்து இழுத்து ஆடி, ரிமோட்டுக்குள்ள நுழையற இடத்துல உள்ளுக்குள்ளயே அறுந்திருக்கும். அந்த ரெண்டு அங்குலத்தை வெட்டிப் போட்டுட்டு மறுபடி ஈயம் வச்சுப் பத்த வச்சாச் சரியாயிரும். 9 பின் சாக்கெட் ஒரே மாதிரி இருக்குன்னு மெகா டிரைவ் ரிமோட்டை இதுல சொருகாதீங்க, ஒயரிங் வேற.

இப்ப டிவி. இங்கதான் கொங்கு நாட்டுல நமக்கு ஒரு புதையல் கிடக்கு. 2006ல இருந்து 2011 வரைக்கும் வீட்டுக்கு வீடு குடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி! அது பிக்சர் டியூப் டிவி, இந்தப் பொட்டிக்குன்னே செஞ்ச மாதிரி. கன் வச்சு வாத்து சுடற ஆட்டம் எல்சிடியில ஓடாது. விசையை அழுத்தினதும் திரை கருப்பாகி, வாத்து இருக்கிற இடம் மட்டும் ஒரு நொடியோட சின்னத் துண்டுக்கு வெள்ளையாகும். கன் அந்த வெளிச்சத்தைத்தான் தேடுது. எல்சிடி படத்தைக் காட்டறதுக்குள்ள அந்த நேரம் தாண்டிப் போயிரும்.

பழைய கேமைப் புது டிவியில இணைக்கற விலை மலிஞ்ச ஏவி டு எச்டிஎம்ஐ பொட்டியும் தீர்வு இல்லை. பழைய கேம் 240 வரிப் படம் அனுப்புது. அந்த எச்டிஎம்ஐ பொட்டி அதை, ஒத்தை வரி ரெட்டை வரின்னு மாறி மாறி வரையற இன்டர்லேஸ் படம்னு தப்பாப் புரிஞ்சு வரிகளைக் கலந்து விட்டுரும், படமும் கொழகொழன்னு ஆகி, தாமதமும் சேரும். 240ஐச் சரியாப் புரிஞ்சுக்கற ரெட்ரோடிங்க் மாதிரி சாமான் இருக்கு, ஆனா அந்தக் காசுக்கு நாலஞ்சு டியூப் டிவி வாங்கலாம்.

டிவி வாங்கறப்ப ஏவி சாக்கெட், மஞ்சளும் வெள்ளையும், இருக்கான்னு முதல்ல பாருங்க. அரை மணி நேரம் ஓட விட்டு, ஓரத்துல கலர் திட்டு இருக்கா, படம் சுருங்குதான்னு கவனிங்க. திட்டு மட்டும்னா பக்கத்துல ஸ்பீக்கர் காந்தம் இருந்திருக்கலாம். நகர்த்தி வச்சு, ஒரு நாள்ல நாலஞ்சு தடவை இடைவெளி விட்டு ஆன் பண்ணினாப் பெரும்பாலும் போயிரும். பின்பக்க மூடியைத் திறக்கற வேலை உங்களுக்கு வேண்டாம். டியூப்ல இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல ஏறும், நிறுத்தினப்புறமும் மிச்சம் நிக்கும். ஜப்பான் பொட்டியைச் சொருகி கருப்பு வெள்ளையா வந்தா டிவி மெனுவுல கலர் சிஸ்டத்தை ஆட்டோ இல்லைன்னா ஜப்பான் டிவி முறையான என்டிஎஸ்சின்னு மாத்திப் பாருங்க. நம்ம நகல் பொட்டி பெரும்பாலும் நம்ம நாட்டு டிவி முறையான பால் (PAL), நொடிக்கு 50 தடவை படம் வரையற 50 ஹெர்ட்ஸ். அதனால 60 ஹெர்ட்ஸுக்கு எழுதின ஆட்டம் ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும். நமக்குப் பழகின மாரியோ அந்த மெதுவான மாரியோதான். ஒரிஜினல்ல ஆடிப் பார்த்துட்டு "இதென்ன இப்படி ஓடறான்"னு கேக்கறவங்க உண்டு.

ஜப்பான்ல இருந்தே வரவழைக்கிறவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அங்க 100 வோல்ட், நமக்கு 230. ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமோட வர்ற அடாப்டரை எடுத்து ஓரமா வச்சுட்டு, 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியருக்குக் குறையாத, நடு மைனஸ் அடாப்டர் இங்கயே தேடுங்க. ஜப்பான் பிளேஸ்டேஷன் ஒண்ணு, பருமனான பிளேஸ்டேஷன் 2 மாதிரி மின்சாரம் நேரா உள்ள போறதுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேணும். இழுக்கற வாட்டைப் போல ரெண்டு மடங்கு தாங்கறதா வாங்குங்க.

பிளேஸ்டேஷன் 2 இன்னும் நெம்பச் சல்லிசாக் கிடைக்குது. ஆனா சோமனூர், பல்லடம், திருப்பூர்ப் பக்கத்து வீட்டுல இருந்து வர்ற செட்டைத் திறக்காம வாங்காதீங்க. தறியோ பனியன் மிஷினோ ஓடற வீட்டுப் பஞ்சுத் தூசி ஃபேன்லயும் காத்து ஓட்டையிலயும் மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும். சூடு அங்கதான் ஆரம்பிக்குது. லென்ஸைச் சோதிக்கறதுக்கு சிடியும் டிவிடியும் ரெண்டும் கொண்டு போங்க. உள்ள சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு ஒரு லேசர், ஒண்ணு ஓடறதை வச்சு இன்னொண்ணைச் சொல்ல முடியாது. அடிப்பக்கம் நீலமா இருக்கிற ஒரிஜினல் டிஸ்க் சிடி, வெள்ளியா இருந்தா டிவிடி. மெலிசுப் பொட்டியில எஸ்சிபிஎச்னு தொடங்கற மாடல் நம்பர் 70000ல இருந்து 79000 வரைக்கும் இருந்தா வெளி அடாப்டர், 8.5 வோல்ட், அது கூட வருதான்னு பாருங்க. 90000ன்னா மின்சாரப் பகுதி உள்ளயே இருக்கு. மெமரி கார்டு ஒரிஜினல் 8 எம்பிதான். 64, 128ன்னு போட்டது சேமிச்சதை ஒரு நாள் முழுங்கிரும்.

கையில வச்சு ஆடற கேம்பாய் அட்வான்ஸோட கேசட்ல போலி கொட்டிக் கிடக்கு. ஒரிஜினல்ல பட்டைக்கு மேல, போர்டு விளிம்புல நின்டெண்டோ பேர் தெரியும். போக்கிமான் ஃபயர்ரெட்டுக்குள்ள பேட்டரி இருந்தாலே போலி. அதே போக்கிமான் வரிசையில ரூபி, எமரால்டு கேசட்டுல பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் சேமிச்ச ஆட்டம் இருக்கும். தீர்ந்ததும் ஆட்டமும் போச்சுன்னா அதுவும் போலி. அதுக்கு முந்தின போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டுல நிலைமை தலைகீழ்: சிஆர்2025 பேட்டரி தீர்ந்தா ஒரிஜினல்லயே எல்லாம் போகும். மாத்தறப்ப தகரக் காது வச்ச பேட்டரி வாங்குங்க. காசு மாதிரி இருக்கிற பேட்டரி மேல நேரா ஈயம் வச்சுப் பத்த வச்சா வெடிக்கலாம்.

பழசாகி மஞ்சளான பொட்டியை வெளுக்க வைக்க, பார்லர்ல விக்கிற 12 சதவீதப் பெராக்சைடு கிரீம் தடவி வெயில்ல வைக்கிறாங்க. நம்ம சித்திரை வெயில்ல கிரீம் காய்ஞ்சு திட்டுத் திட்டா வெளுக்கும், மெலிசு பிளாஸ்டிக் வளையவும் செய்யும். பண்றதுன்னா பிளாஸ்டிக் தாள் சுத்தி, காலை வெயில்ல, மணிக்கு ஒருக்காத் திருப்பி வைங்க. நான் மஞ்சளோடயே விடற கட்சி.

தேட நல்ல நேரம் மார்கழிக் கடைசி. பொங்கல் காப்புக் கட்டுக்கு முன்னால வெள்ளையடிக்க அட்டாலியைக் காலி பண்றப்பத்தான் பொட்டியும் டிவியும் வெளிய வரும். அந்த ரெண்டு வாரம் கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளையும், உங்க ஊர்ப் பழைய இரும்புக் கடையையும் ஒரு சுத்து சுத்துங்க. கடைக்காரர் கிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கோணும்: டியூப் டிவி வந்தா காப்பர் காயிலுக்காக டியூபோட கழுத்தை உடைச்சுராதீங்கண்ணா, எடைக் காசோட நூறு ரூபாய் சேர்த்துத் தர்றோம்னு.