முள்ளுக்கு இடம் வேண்டாமா?
பழைய ஒமேகா சீமாஸ்டர் கைக்கடிகாரத்தின் டயலில் கிரேக்கக் கடல் தெய்வமான பொசைடனின் உருவத்தைப் புடைப்பாக ஒட்டினாலும் மூவ்மென்டை (உள்ளே ஓடும் இயந்திரத்தை) தொடவில்லை, அதனால் பாதிப்பில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது சரியல்ல. டயலை ஒட்டி ஓடுவது மணி முள். புடைப்பு கொஞ்சம் உயர்ந்தாலும் பொசைடன் கையிலுள்ள திரிசூலத்தின் நுனியில் முள் தட்டி, கடிகாரம் தினமும் அதே மணிக்கு நிற்கும். முள்ளை மேலே வளைத்துவிடுவது அரைகுறை வேலை. அப்புறம் அது நிமிட முள்ளில் மாட்டும். உயரமான கேனன் பினியன் (நிமிட முள் பொருந்தும் குழாய்), அதற்கேற்ற மணிச் சக்கரம் (மணி முள் பொருந்துவது), நீண்ட தண்டுள்ள வினாடி முள், கூடுதலாகக் குவிந்த அக்ரிலிக் கண்ணாடி எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். மூவ்மென்டைத் தொடாமல் இது எப்படி? ஒட்டாமல் டயலிலேயே செதுக்கலாமே என்றால், 1960களின் தொடக்கம் வரை வந்த ஒளிரும் டயல்களின் பூச்சில் கதிர்வீச்சுள்ள ரேடியம் இருக்கலாம். பூச்சு ஒளிர்வதை நிறுத்தியிருந்தாலும் கதிர்வீச்சு பெரிதாகக் குறைந்திருக்காது, ரேடியம்-226இன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. சுரண்டினால் தூள் மூச்சில் போகும். பின்மூடியில் பாம்புக் கூந்தல் கொண்ட கிரேக்கப் புராண அரக்கி மெடூசாவைச் செதுக்கலாம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார். பல சீமாஸ்டர்களில் பொசைடனின் தேரை இழுக்கும் ஹிப்போகாம்பஸ் (மீன் வாலுள்ள குதிரை) அங்கே ஏற்கெனவே இருக்கிறது, பாலிஷ் போட்டு அதன் செதில்களை மழுங்கடிக்காமல் இருந்தாலே போதும்.