இரட்டிப்புச் செயலிக்கு மத்திய வங்கி அனுமதியா?

குறிப்பிட்ட செயலியில் 25,000 ரூபா இட்டால் முப்பது நாளில் இரட்டிப்பாகும், ஆள் சேர்த்தால் தரகும் உண்டு, மத்திய வங்கியின் அனுமதியும் உண்டு என்றொரு செய்தி, சான்றிதழ்ப் படத்துடன் மட்டக்களப்பு, கல்முனை வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. அது தவறு.

படத்தில் இருப்பது கம்பனிப் பதிவுச் சான்றிதழ் மட்டுமே. கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் பதிவது ஒரு வணிகத்துக்குச் சட்ட உருவம் தருமேயன்றி, பொதுமக்களிடம் வைப்புத் திரட்டும் உரிமத்தைத் தராது. உரிமம் பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலும், தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியதாகத் தீர்மானிக்கப்பட்டவற்றின் பட்டியலும் இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உள்ளன. இரண்டாவது பட்டியலில் பெயர் இல்லை என்பது அனுமதி ஆகாது. மத்திய வங்கியின் 1935 தொலைபேசி இலக்கத்திலும் விசாரிக்கலாம்.

“எனக்குப் பணம் வந்ததே” என்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்தது பெரும்பாலும் பின்னால் சேர்ந்தவரின் பணம். ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் கொண்ட இத்தகைய பிரமிட் திட்டங்களை 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் தடைசெய்வதுடன், அவற்றை விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. உறவினருக்கு உதவுவதாக எண்ணி இச்செய்தியை அனுப்புபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

தயவுசெய்து இச்செய்தியை மேலும் பகிராதீர்கள். ஏற்கெனவே பணம் செலுத்தியவர்கள் வைப்புச் சீட்டையும் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள்.