யார் பெயருக்கு எழுதட்டும்?

பதினேழு ஆண்டுகளாக ஒருவரைப் படித்தும் கேட்டும் வருகிறேன். போன வாரம்தான் முதன்முறையாக நேரில் சந்தித்தேன். சந்திப்பு நீடித்தது முப்பது விநாடி இருக்கலாம். அதில் நான் பேசியது மூன்று வாக்கியம், மூன்றும் உளறல்.

அவர் வானியல் ஆய்வாளர். எழுதுகிறவர், அருமையாகப் பேசுகிறவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் புகழ வருவார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், நான் சொல்ல வந்த விஷயம் அந்தரத்தில் நிற்கும்.

உரை முடிந்ததும் புத்தகத்தில் கையெழுத்திட்டுத் தருவார் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு முடிவதற்குள் நாற்காலிகள் நகரத் தொடங்கிவிட்டன. நான் எழுந்து போவதற்குள் எனக்கு முன்னால் அறுபது பேர். சரி, பேசுவதைத் தயார் செய்துகொள்ள நேரம் கிடைத்தது என்று தேற்றிக்கொண்டேன். முதலில் அவருடைய முதல் கட்டுரையைப் படித்த கதை. அடுத்து அது என்னை இரவு வானத்தின் பக்கம் திருப்பிய கதை. முத்தாய்ப்பாக ஒரு நகைச்சுவை. வரிசையில் நின்றபடி வாய்க்குள்ளேயே மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். அவர் சிரிப்பதும், மேசையைச் சுற்றி எழுந்து வந்து என் கையைப் பற்றுவதும்கூட அந்த ஒத்திகையில் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த மயக்கத்துக்கு ஆய்வுலகில் ஒரு வரலாறு உண்டு. தொலைக்காட்சி பரவிக்கொண்டிருந்த 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையில் தோன்றுகிறவர் நம்மைப் பார்த்தே பேசுவதால் அவரோடு நமக்குப் பழக்கம் உண்டாகிவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. உறவு மொத்தமும் ஒரே பக்கத்தில் நிற்கிறது. காதில் மாட்டிக்கொண்டு ஒருவருடைய குரலை இரவெல்லாம் கேட்கும் இந்தக் காலத்தில் அது இன்னும் முற்றியிருக்கிறது. அவர் இருமினால் அது எந்த இருமல் என்று எனக்குத் தெரியும். அவருக்கோ நான் அறுபத்தோராவது ஆள்.

அன்று அவர் பேசியது திருவாதிரை விண்மீனைப் பற்றி. 2019இன் இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போனதே, நினைவிருக்கிறதா? வெடிக்கப் போகிறது என்று பலரும் பரபரத்தார்கள். விண்மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி அதன் முகத்தை மறைத்தது என்பதுதான் பின்னர் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். சில மாதங்களில் பழைய ஒளி திரும்பியது.

எனக்கு மூன்று ஆள் முன்னால் பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பையன் நின்றிருந்தான். கையில் புத்தகம் இல்லை. அவன் முறை வந்தபோது வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டான்: “அந்தத் தூசு அப்புறம் எங்கே போனது?”

அதுவரை அவருடைய முகத்தில் இருந்தது பழகிய புன்னகை. ஒவ்வொரு புத்தகத்தையும் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி விரிப்பார், எழுதுவார், நிமிர்வார், புன்னகைப்பார். சுண்டுவிரலின் ஓரம் முழுக்க மை அப்பியிருந்தது. பையன் கேட்டதும் பேனாவை மூடினார். அருகில் கிடந்த நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப்போட்டு, மூடிய பேனாவால் வரையப் பார்த்து, தானே சிரித்துக்கொண்டு திறந்து, ஒரு வட்டமும் அதன் பக்கத்தில் புகைபோல ஏதோவும் வரைந்தார். நான்கு நிமிடம் பேசியிருப்பார்கள். பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. அந்த முணுமுணுப்பில் என் குரலும் உண்டு.

பொறாமைதான். பதினேழு ஆண்டு நேசத்துக்கு முப்பது விநாடி, முந்தாநாள் முளைத்த ஒரு பையனுக்கு நான்கு நிமிடமா? வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நாங்கள் எல்லோரும் எங்களைப் பற்றிச் சொல்லத்தான் நின்றிருந்தோம். அவன் மட்டுமே அவருக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்க வந்திருந்தான்.

நேசிப்பவர்களை நேரில் பார்க்காதே, ஏமாந்துபோவாய் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏமாற்றத்தின் பெரும்பகுதியை நாமேதான் வீட்டிலிருந்து கட்டி எடுத்துப் போகிறோம். ஒன்றரை மணி நேரம் நின்று பேசிய ஒருவர், ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் இருநூறு பேருக்கு இன்னும் நூறு நிமிடம் உட்கார வேண்டும். அதில் நம் அரை நிமிடத்தில் அவர் கொட்டாவியை அடக்கினால், தலைக்கனம் பிடித்தவர் என்று வெளியே வந்ததும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 1842இல் அமெரிக்கா போன ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், தெருவில் இறங்கினால் கூட்டம் பின்தொடர்கிறது என்று கடிதத்தில் புலம்பினார். நேரில் பார்க்கும்போது வரும் தடுமாற்றத்துக்குப் புகழ் பெற்றவர்களும் தப்புவதில்லை. 1965 ஆகஸ்ட்டில் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் வீட்டுக்குப் போனபோது, தொடக்கத்தில் பேச்சே எழவில்லை என்பதுதான் அங்கே இருந்தவர்களின் நினைவு. உலகமே பார்த்து வாயடைத்த அந்த நால்வரும் அன்று வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

செல்ஃபி பற்றியும் ஒரு வார்த்தை. கையெழுத்து வாங்கும்போது இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும். பெயரையாவது கேட்டாக வேண்டும். செல்ஃபியில் இருவரும் தொலைபேசியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர் நான்கு படம் எடுத்தார். ஒரு முறைகூட அவருடைய முகத்தை நேராகப் பார்க்கவில்லை. (நானும் ஒன்று எடுத்தேன். கண்ணை மூடியிருக்கிறேன்.)

என் முறை வந்தது. ஒத்திகை பார்த்த மூன்று கதைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி விழுந்தன. “உங்கள் கட்டுரையோடு நான் பதினேழு ஆண்டுகள்” என்று தொடங்கி, வினைச்சொல் கிடைக்காமல் நின்றேன். அடுத்து, “திருவோணத்தின் ஒளி வந்து சேர ஆகும் காலம்” என்றேன். அந்த விண்மீன் பதினேழு ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது என்பதுதான் நான் தயாரித்து வைத்திருந்த நகைச்சுவை. முன்னுரை இல்லாமல் வந்ததால் ஜோசியம் சொன்னதுபோல் ஆகிவிட்டது. அவர் பொறுமையாகத் தலையாட்டினார். புத்தகத்தை விரித்து அழுத்தினார்.

“யார் பெயருக்கு எழுதட்டும்?”

“உங்கள் பெயருக்குத்தான்” என்றேன்.

பேனா ஒரு விநாடி நின்றது. பிறகு, சிரிக்காமல், மிகுந்த கவனத்துடன் எழுதி மூடித் தந்தார். வெளியே வந்து விளக்கடியில் திறந்து பார்த்தேன். “எனக்கே, அன்புடன்” என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டிருந்தார். பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம், அதன் பக்கத்தில் புகைபோல ஏதோ.