அரை மணி நேரம் நிற்க முடியாதா உங்களால்?

முன்னாள் படைவீரர்கள் ஊர்வலத்தைக் கிண்டல் செய்யும் அந்த வீடியோவைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. அனுப்பியவர் சொந்தக்காரர். கூடவே நாலு சிரிப்பு எமோஜி. அந்தக் குழுவில் அப்பாவும் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. அப்பா பார்த்தார், போனைக் கவிழ்த்து வைத்தார், படுக்கப் போய்விட்டார். அம்மாதான் எனக்குப் போன் செய்து சொன்னார். இதற்குமேல் சும்மா இருக்க என்னால் முடியாது.

வேலூர்க்காரர்களுக்கு எந்த வீடியோ என்று தெரியும். ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்து ஊர்வலம். முன்னாள் படைவீரர்கள் மெடல் குத்திக்கொண்டு கோட்டைப் பக்கத்தில் வரிசையாக நடந்து போகிறார்கள். பின்னால் பைக்கில் மாட்டிக்கொண்ட ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து, "தாத்தாவுங்க வாக்கிங் போறதுக்கு ஊரையே நிறுத்திட்டாங்கப்பா" என்கிறார். அப்புறம் விடாமல் ஹாரன். கீழே கமெண்ட்டுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ராணுவக் கேன்டீனில் கிடைக்கும் மதுவைக் குத்திக்காட்டும் "சரக்கு கோட்டா தீர்ந்துபோச்சா?" என்பதற்குத்தான் அதிக லைக்.

அந்த வரிசையில் மூன்றாவதாக, மெரூன் டை கட்டி, இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பவர் என் அப்பா. ஓரத்தில் கொடி பிடித்துக்கொண்டு ஓடுவது என் பையன். பெண்ணும் வீட்டுக்காரரும் நானும் நடைபாதையில் கூடவே வந்தோம். குடும்பத்தோடு போய் நின்ற எங்களுக்கு அது ஊர்வலம். உங்களுக்கு டிராஃபிக் ஜாம்.

அரை மணி நேரம். அவ்வளவுதான் ஆனது. அதிலும் ஒரு பக்கச் சாலையைப் போலீஸ் திறந்தே வைத்திருந்தது. வேலூரில் கிரீன் சர்க்கிளைத் தாண்ட சாதாரண நாளிலேயே எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியாதா? அதே சாலையில் கட்சித் தலைவர் வந்தால் நிற்கிறோம். கல்யாண ஊர்வலத்தில் பட்டாசு வெடித்து முடியும்வரை நிற்கிறோம். யாரும் அதை வீடியோ எடுத்து "ஊரையே நிறுத்திட்டாங்க" என்று போடுவதில்லை. போட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். இவர்கள் திருப்பி ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்ற தைரியம்தானே உங்களுக்கு?

அன்று காலை எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா நாலரை மணிக்கே எழுந்துவிட்டார். ஷூவுக்கு முந்தின நாளே பாலிஷ் போட்டாயிற்று, இருந்தும் பழைய பனியன் துணியை விரலில் சுற்றிக்கொண்டு முனையில் மட்டும் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். டியூப்லைட் அதில் தெரிய வேண்டும், அதுதான் அவர் கணக்கு. முழங்கால் தேய்ந்துவிட்டது, டாக்டர் அதிகம் நடக்கக் கூடாது என்றிருக்கிறார். பேன்ட்டுக்கு உள்ளே நீகேப் மாட்டிக்கொண்டார். வெளியில் தெரிகிறதா என்று அம்மாவிடம் கேட்டார். பிளேசரில் மெடல் வரிசையைக் குத்த அவருக்குக் கை நடுங்கும் என்பதால் என் பெண் குத்திவிட்டாள். அதில் கார்கில் போருக்காகக் கொடுத்த ஆபரேஷன் விஜய் ஸ்டார் எது என்று அவளுக்குத் தெரியும். எப்படிக் கிடைத்தது என்று அன்றைக்குத்தான் கேட்டாள். "வண்டி ஓட்டினேன் பாப்பா" என்றார். அவர் எப்போதும் சொல்வது அவ்வளவுதான்.

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். படைகளுக்கு வேண்டிய பொருட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆர்மி சர்வீஸ் கோர் பிரிவில் அப்பா டிரைவர். 1999 கார்கில் போரின்போது ஸ்ரீநகரில் இருந்து லே போகும் சாலையில் வண்டி ஓட்டினார். திராஸ் பக்கம் அந்தச் சாலை மலையடிவாரத்தில் போகிறது. மேலே தோலோலிங் மலையில் எதிரி உட்கார்ந்திருந்தான். கீழே எந்த வண்டி போனாலும் அவனுக்குத் தெரியும், உடனே ஷெல் வந்து விழும். அதனால் ராத்திரியில், ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், முதுகுக்குப் பின்னால் லாரி நிறைய வெடிபொருள். முன்னால் போகும் வண்டியின் நிழலைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஜூன் 13இல் தோலோலிங் நம் கைக்கு வரும்வரை இதுதான் நிலைமை. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 56 ஏபிஓ என்று ராணுவத் தபால் முகவரி எழுதி அம்மா போட்ட இன்லண்ட் லெட்டர்களுக்குப் பதில் வரவில்லை. சாயங்காலமானால் அம்மா தூர்தர்ஷன் செய்தி முன்னால் உட்கார்வார். இறந்தவர்களின் பெயர் வந்தால் எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்பார். அந்தப் போரில் நம் வீரர்கள் 527 பேர் செத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அம்மாவின் கை என் தோளை இறுக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த மனிதரைத்தான் "தாத்தா வாக்கிங் போறார்" என்கிறீர்கள்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கமெண்ட்டில் திரும்பத் திரும்ப வருவது, "சும்மாவா செஞ்சாங்க, சம்பளம் வாங்கினாங்கல்ல?" ஆமாம், வாங்கினார். நீங்களும்தான் வாங்குகிறீர்கள். உங்கள் ஆபீசில் லைட்டைப் போட்டால் செத்துப்போவீர்கள் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? பென்ஷன் வருகிறதாம். அப்பா காலத்தில் சிப்பாயாகச் சேர்ந்து பதினைந்து, பதினேழு வருஷத்தில் வெளியே வந்தவருக்கு வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகுதான் ஏடிஎம் வாசலிலும் அபார்ட்மென்ட் கேட்டிலும் காவலுக்கு நிற்கிறார்கள். என் அப்பாவும் நின்றார். கல்லூரி கேட்டில், அவருடைய மகன் வயதுப் பையன்கள் பைக்கை நிறுத்தாமல் "ஓரம் போ பெருசு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அங்கே வேலை பார்த்த பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பென்ஷனும் சும்மா வந்துவிடவில்லை. எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு முன்னாள் படைவீரர்கள் 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் போலீஸை விட்டு அவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தார்கள், எழுபது எண்பது வயதுக்காரர்களை. அன்றைக்கு உங்களில் எத்தனை பேர் அவர்களுக்காக ஒரு வரி எழுதினீர்கள்? கேன்டீன் சரக்கு என்று சிரிக்கிறீர்களே, எங்கள் வீட்டுக்குக் கேன்டீனில் இருந்து வந்தது பிரஷர் குக்கரும் மிக்ஸியும் சோப்பும். அப்பா குடிக்க மாட்டார். குடித்தாலும் உங்களுக்கென்ன?

"இது போரைக் கொண்டாடுவது, தேசபக்தி அரசியல்" என்று ஒரு நண்பர் பெரிதாக எழுதியிருக்கிறார். அந்த ஊர்வலத்தில் கட்சிக் கொடி ஒன்றுகூட இல்லை. போரை யாரும் கொண்டாடவில்லை. போருக்குப் போனவர்களில் ஒருவர்கூட நல்லா இருந்தது என்று சொல்லி நான் கேட்டதில்லை. இதற்கு மேல் இதற்குப் பதில் தேவையில்லை.

"மலக்குழியில் செத்தவருக்கு யார் ஊர்வலம் போகிறார்கள்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. போக வேண்டும். நீங்கள் நடத்துங்கள், நான் என் குடும்பத்தோடு வருகிறேன், சாலையை மறித்தால் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அவர்களுக்கு யாரும் மரியாதை செய்யவில்லை என்பதற்காக இவர்களைப் பார்த்து ஹாரன் அடிக்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

அப்புறம் 1987. அது வரும் என்று தெரியும், வந்துவிட்டது. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அமைதிப்படை என்ற பெயரில் ஈழத்துக்குப் போன ராணுவம் அங்கே நம் மக்களுக்குச் செய்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. என் தோழி ஒருத்தியின் குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது, அவள் அம்மா சொன்னதைக் கேட்டிருக்கிறேன். 1990 மார்ச்சில் கடைசியாகத் திரும்பிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கலைஞர் போகவில்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அனுப்பியது டெல்லி. போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. நம் ஊர் வரிசையிலும் அங்கே போய் வந்த பெரியவர் ஒருவர் நடந்தார். தமிழில் அழுத பெண்களின் முன்னால் துப்பாக்கியோடு நின்றதை என்னிடம் ஒருமுறை சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். அவரிடம் போய் நீங்கள் கேட்டுப் பாருங்கள். அவர் தலையைத்தான் குனிவார். போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களிடம் கேட்க வேண்டியதை, சாலையில் நடக்கிற கிழவரிடம் ஹாரனில் கேட்காதீர்கள்.

இது ஏதோ வடநாட்டு வழக்கம் என்றும் சிலர் எழுதியிருந்தீர்கள். எந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறீர்கள்? 1806 ஜூலை 10 விடியும் முன்னால் இதே கோட்டைக்குள் சிப்பாய்கள் வெள்ளைக்காரனுக்கு எதிராக எழுந்தார்கள். புதுத் தலைப்பாகையை மாட்டு, நெற்றியில் குறியிடாதே, கடுக்கனைக் கழற்று என்று சொன்னதும் அதற்கு ஒரு காரணம். ஆற்காட்டில் இருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று தீர்த்தான். மக்கான் பக்கம் நிற்கும் தூண் அவர்களுக்குத்தான். லாங்கு பஜார் மணிக்கூண்டை நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே கம்மவான்பேட்டை, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர். 2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் 19ஆவது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் போனார்களே, அதிலும் நம் மாவட்டத்துக்காரர் இருந்தார். அன்றைக்கு எல்லோரும் மெழுகுவர்த்திப் படம் வைத்தீர்கள். செத்தால்தான் மரியாதையா? உயிரோடு திரும்பி வந்து, முழங்கால் வலியோடு நடந்தால் டிராஃபிக் ஜாமா?

என் கோபம் அப்பாவுக்காக மட்டும் இல்லை. வரிசையின் கடைசியில் ஒரு அத்தை வந்தார். சொந்த அத்தை இல்லை, அப்பாவோடு அதே சாலையில் ஓட்டிய ஒருவரின் மனைவி, அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டோம். மாமாவின் லாரி போர் முடிந்து சில வருஷம் கழித்து, மழையில் மண் சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. சண்டையில் சாகவில்லை என்பதால் எந்தச் செய்தியிலும் வரவில்லை. ஊரில் சிலை இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை. அவர் பெயரை வருஷத்தில் ஒரு தடவை மைக்கில் வாசிப்பது இந்த ஊர்வலத்தில் மட்டும்தான். அதற்காக அத்தை கிராமத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். ஃபிரேம் போட்ட படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த ஹாரன் அவர் முதுகுக்கு ஓர் அடி பின்னால் அடித்த ஹாரன். வீடியோவில் 20ஆவது நொடியில் அவர் திடுக்கிட்டுத் திரும்புவது தெரியும், மறுபடி போட்டுப் பாருங்கள். படம் கையில் இருந்து நழுவப் பார்த்தது, என் பெண் ஓடிப்போய்ப் பிடித்தாள். அந்த இடத்துக்கும் ஒருவர் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறார்.

"ஆம்புலன்ஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்பவர்களுக்கு: அந்தப் படைவீரர்கள்தான் முதலில் விலகி நின்று வழி விட்டிருப்பார்கள். வழி விடச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கூட்டம் அது இல்லை.

ஊர்வலம் முடிந்ததும் அத்தை என்னிடம், "ஜனங்களுக்குத் தொந்தரவா இருக்குது போல, அடுத்த வருஷம் நான் வரலம்மா, பேரை மட்டும் படிக்கச் சொல்லிடு" என்றார். வீடியோ எடுத்தவருக்கும் லைக் போட்டவர்களுக்கும் என் சொந்தக்காரருக்கும் இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அத்தை வருவார். நானே காரில் போய்க் கூட்டிவருவேன். அப்பாவும் நடப்பார், முடியாவிட்டால் வீல்சேரில் வைத்து என் பையன் தள்ளுவான். அந்தச் சாலை அடுத்த ஜூலை 26ஆம் தேதியும் அரை மணி நேரம் நிற்கும். அவசரம் இருப்பவர்கள் வேறு வழியில் போய்க்கொள்ளுங்கள்.