‘குளிருக்கு ஒரு மூடி பிராந்தி’: உண்மை என்ன?

“ஊட்டிக் குளிருக்குப் பிள்ளைக்கு ஒரு மூடி பிராந்தி கொடுங்கள். உடம்பு சூடாகும். வீட்டிலேயே பழகிவிட்டால் வெளியே போய்க் குடிக்க மாட்டான்.” உறைபனிக் காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. இரண்டுமே தவறு.

மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சூடான ரத்தம் தோலுக்கு வந்துவிடுகிறது. கன்னம் சிவக்கும், காது கதகதக்கும். கோத்தகிரியில் என் மாமா ஒருவர் தன் காதைத் தொட்டுக் காட்டி, “பார், எப்படிச் சுடுது” என்பார். அது உடம்பை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த சூடு! உள்வெப்பம் உண்மையில் குறைகிறது. உடம்பைக் காக்கும் நடுக்கத்தையும் மது அடக்கிவிடுகிறது.

அப்புறம், வீட்டிலேயே பழக்குவது. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பதின்வயதினரை ஆறு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2018-இல் வெளியானது. பெற்றோர் மது கொடுத்ததால் பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. வேறிடத்திலும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பே கூடியது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கவும் கூடாது.

குளிருக்குச் சுக்குமல்லிக் காபியும் ஸ்வெட்டரும் போதும். தோட்ட வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோருக்கு நேரம் கிடைப்பது கஷ்டம்தான். அடுப்போரம் குளிர்காயும் பத்து நிமிடத்தில், “யாராவது நீட்டினால் என்ன சொல்வாய்?” என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் பதிலைக் கேளுங்கள். ஏற்கெனவே பழகிவிட்டானா? அடிக்காதீர்கள். போதை மீட்பு உதவிக்கு 14446-ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை.