மண்வாரி இயந்திரமும் சிக்கிமுக்கிக் கற்களும்: ஒரு திருத்தம்

இங்கிலாந்தில் கட்டுமான இடங்களில் கிடைக்கும் வரலாற்றுக்கு முந்தைய சிக்கிமுக்கிக் கற்கருவிகள், மண்வாரி இயந்திரம் உடைத்த சில்லுகளே என்று ஒருவர் எழுதியுள்ளார். பணிவுடன் சொல்கிறேன், அது சரியன்று. இயந்திரமும் கல்லை உடைக்கும். மனிதர் தட்டியதன் அடையாளமாகக் கருதப்படும், அடிபட்ட இடத்தின் கீழுள்ள சிறு புடைப்புகூட அதனால் உருவாகலாம் என்பதால், மேல்மண் அகற்றப்படும்போது அருகில் நின்று கண்காணிக்கும் தொல்லியலாளர்கள் அந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்புவதில்லை. சுண்ணப்பாறை நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த கல்லின் முகத்தில் பெரும்பாலும் வெண்மையோ நீலச்சாயலோ படர்ந்திருக்கும். நேற்று உடைந்த முகமோ கண்ணாடிபோலக் கருமையாகப் பளபளக்கும். விளிம்பில் வரிசையாகத் தட்டியெடுத்த நுண்தழும்புகளின் மேலும் அந்தப் பழைய படலம் இருந்தால், அது இயந்திரத்தின் வேலையாக இருக்க முடியாது. ஐயமுள்ளவர்கள், யார்க் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் தரவுச் சேவை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கண்காணிப்பு அறிக்கைகளைத் திறந்து, கற்கருவிகளைப் பற்றிய பகுதியை அன்புகூர்ந்து படித்துப் பாருங்கள்.