மெழுகு முகங்கள்

பழைய திகில் நகைச்சுவைப் படங்களை ப்ளூரே வட்டில் வெளியிடுபவர்களுக்கு ஃபிலிம் துகள்கள் (படச்சுருளில் இயல்பாகவே தெரியும் பொடிப் புள்ளிகள்) மீது அப்படி என்ன பகையோ! கணினியில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு, அட்டையில் ‘புதுப்பித்த பதிப்பு’ என்று அச்சிட்டு விற்கிறார்கள். அண்மையில் நான் வாங்கிய ஒன்றில் எந்த நடிகரின் கன்னத்திலும் ஒரு சுருக்கம்கூட இல்லை. எல்லோருக்கும் மெழுகு முகம்.

1981இல் ஜான் லாண்டிஸ் இயக்கிய ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல வெளிச்சமுள்ள அறையில், நம் கண்ணெதிரே ஒருவன் ஓநாயாக மாறுகிறான். செயற்கைத் தோலுக்குள் முடியை இழுத்துப் படம்பிடித்து, அதைப் பின்னோக்கி ஓட்டித்தான் ரோமம் முளைப்பதுபோல் காட்டினார் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கர். ஒப்பனைக்கென ஆஸ்கரில் தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் விருது அவருக்குத்தான் போனது. அப்படிப்பட்ட உழைப்பில் ஒவ்வொரு மயிரும் தெரிய வேண்டாமா? துகளைத் துடைத்தால் கூடவே அந்த நுணுக்கமும் போய்விடுகிறது.

ஒலி இன்னும் மோசம். அலறல் காதைப் பிளக்கிறது; வசனமோ கிசுகிசுப்பாகத்தான் கேட்கிறது. சிரிக்க வேண்டிய வரி காதிலேயே விழுவதில்லை. ரிமோட்டைக் கீழே வைக்க முடியவில்லை. அசல் மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும்) ஒலித்தடத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?